எப்படியாவது என்றால் எப்படி?

அந்த வழக்குக் கட்டில் முதல் தாள் உருதுவில் இருந்தது. 2009 நவம்பரில் கார்கில் மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்றில் பதிவான முதல் தகவல் அறிக்கை. நாமக்கல்லில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் அரசு முத்திரையைத் தவிர எதுவும் புரியவில்லை. சேலத்தில் உருது கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "டிரைவர் தீ மூட்டியதாக எழுதியிருக்கிறது. எதற்காக என்பதைப் பாதிதான் எழுதியிருக்கிறார்கள்" என்றார். 'கரம் கர்னே கே லியே.' சூடாக்குவதற்காக. எதைச் சூடாக்க என்ற சொல் அந்த வரியில் இல்லை.

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்த மொழிபெயர்ப்பில் அந்த இடைவெளி நிரப்பப்பட்டிருந்தது. குளிர் காய்வதற்காகத் தீ மூட்டினார் என்று அது சொன்னது. லாரி இன்ஜினைச் சூடாக்க மூட்டிய தீயில் ஓட்டுநர் இறந்தால் அது வேலையால் வந்த சாவு, இழப்பீடு உண்டு. தன் கைகாலைச் சூடாக்க மூட்டிய தீயில் இறந்தால் அது அவர் சொந்தக் காரியம், இழப்பீடு இல்லை என்பது அவர்கள் வாதம். எழுதுபவர் அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு சொல்லின் இரு பக்கமும் நின்று நாங்கள் இரண்டு வருடங்களுக்குமேல் வழக்காடினோம்.

யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இறந்த ஓட்டுநரின் பிள்ளைகள் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். ஓட்டுநருக்கு அன்று 35 வயது. ஒற்றை லாரி வைத்திருந்த ஒருவரிடம் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். ஜவ்வரிசி ஏற்றி டெல்லிக்குப் போனவர்களுக்கு அங்கிருந்து ஜம்முவுக்கு ஒரு லோடு கிடைத்தது. ஜம்முவில் கார்கிலுக்கு லோடு கிடைத்தது. குளிர்காலத்தில் பாதை அடைபடுவதற்கு முன் மாவும் சர்க்கரையும் மலைமேல் போய்ச் சேர்ந்தாக வேண்டிய மாதங்கள் அவை, வாடகையும் நல்ல வாடகை. ஓட்டுநரும் இருபத்திரண்டு வயதுக் கிளீனர் பையனும் கார்கிலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது திராஸ் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

திராஸ் கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்குமேல் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீநகர் பக்கம் இறங்க வேண்டுமானால் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோஜி லா கணவாயைத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் பனி விழுந்து கணவாய் அடைபட்டுவிட்டால் பாதை மறுபடி திறக்க ஏப்ரல், மே ஆகிவிடும். குறுகிய பாதை என்பதால் ஏறும் வண்டிகளையும் இறங்கும் வண்டிகளையும் முறை வைத்துத்தான் விடுவார்கள். இரண்டு நாள் பனியில் நின்றபிறகு இவர்கள் முறை விடிந்ததும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஓட்டுநர் ஓர் இரும்புச் சட்டியில் டீசல் நனைத்த பஞ்சுக் கழிவைப் போட்டுக் கொளுத்தி, வண்டிக்கு அடியில் தள்ளினார். எங்கோ ஒழுகியிருந்த டீசலில் தீ பிடித்தது. சட்டியை வெளியே இழுக்கக் குனிந்தவரின் உடுப்பில் பற்றியது. மூன்றாம் நாள் ஸ்ரீநகர் மருத்துவமனை ஒன்றில் இறந்துபோனார். கம்பளியைப் போட்டு அவரை உருட்டி அணைத்த கிளீனருக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின.

அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளோடு என்னிடம் வந்தபோது, எந்த வாசலைத் தட்டுவது என்பதுதான் நான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. லாரி சம்பந்தப்பட்ட சாவு என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே முழு இழப்பீடு கேட்க வேண்டுமானால் வேறொருவர் மேல் தவறு இருந்ததைக் காட்ட வேண்டும். இங்கே வந்து மோதியவர் யாரும் இல்லை. அன்று நடப்பில் இருந்த 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தவறு யாருடையது என்று கேட்கவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த விபத்தா என்று மட்டும் கேட்டது. ஒரு விபத்துக்கு இந்த இரண்டு சட்டங்களில் ஒன்றின்கீழ்தான் கேட்கலாம், இரண்டிலும் கேட்க முடியாது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். தொகை குறைவு என்று தெரிந்தே தேர்ந்தேன். 1995-இல் வந்த ஒரு திருத்தத்தால், விபத்து எங்கே நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் இடத்து இழப்பீட்டு ஆணையரிடமே மனுப்போடலாம் என்று ஆகியிருந்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அந்தப் பெண் கார்கிலுக்கு அலைந்திருக்க வேண்டும், அல்லது அலையாமலே விட்டிருப்பார்.

என் முதல் கஷ்டம் சட்டத்தில் இல்லை, குளிரில் இருந்தது. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வதுதான் குளிர். வண்டிக்கு அடியில் தீ மூட்டினார் என்று சொன்னால் கேட்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. லாரிப் பட்டறைகளில் பழைய ஓட்டுநர்களைக் கேட்டேன். வடக்கே ஓடியவர்கள் எல்லோரும், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்கள். அவர்கள் மூலம் லடாக்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். தருமபுரிக்காரர். அவரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்.

அவர் சொன்னதை ஆணையர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றை அமுக்கி, அந்த அமுக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். சுற்றியிருக்கும் இரும்பு பனிக்கட்டியாகக் கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். ஆயில் பாகு போலக் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுற்ற விடாது. சுற்ற வேண்டிய பேட்டரியின் பலமும் குளிரில் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதற்கெல்லாம் மேலாக டீசலிலேயே மெழுகு உண்டு. நம் நாட்டுத் தர விதிப்படி குளிர்காலத்துக்கென்று விற்கும் சாதாரண டீசலே 6 டிகிரிக்குக் கீழே போனால் ஃபில்டரை அடைக்கத் தொடங்கலாம். அது சுழியத்துக்குக் கீழே 6 கூட இல்லை, சுழியத்துக்கு மேலே 6. திராஸில் நவம்பர் இரவு சுழியத்துக்குக் கீழே எவ்வளவோ தூரம் இறங்குகிறது. "டேங்க்ல தேங்காயெண்ணெ உறைஞ்ச மாதிரி நிக்குமுங்க ஐயா. அதை இளக்காம ஒண்ணும் நடக்காது" என்றார். தேங்காயெண்ணெய் என்ற சொல் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் குளிரைக் காட்டிவிட்டது.

குளிர்நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்பதையும் நான் தாள்களாகத் தேடிச் சேர்த்திருந்தேன். அமெரிக்காவில் வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், இன்ஜினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றின் இடத்தில் பொருத்தக்கூடிய மின்சார ஹீட்டருக்கு 1949-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள்ளேயே நம் வெந்நீர்க் கம்பி போன்ற ஒரு கம்பியை வைத்துவிடுகிறார்கள். காருக்கு நானூறு வாட் அளவில் போதும், லாரிக்கு ஆயிரமும் அதற்கு மேலும் வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குமுன் வீட்டு மின்சாரத்தில் செருகினால் இன்ஜின் வெதுவெதுப்பாகிவிடும். கனடாவின் சமவெளி மாகாணங்களிலும் அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸிலும் வண்டி நிறுத்தும் இடங்களில் இதற்கென்றே மின் இணைப்புக் கம்பங்கள் நிற்கின்றன. ரஷ்யாவின் சைபீரியாவில் லாரிக்காரர்கள் ஊதுவிளக்குச் சுடரை ஆயில் தொட்டிக்கு அடியில் பிடித்தே பழகியவர்கள். நான் ஆணையர் முன் வைத்த வாதம் இதுதான்: கடுங்குளிரில் இன்ஜினைச் சூடாக்குவது ஓட்டுநரின் விருப்பம் அல்ல, ஓட்டுவதன் முதல் பாதி. வசதி உள்ள நாட்டில் அதை ஒரு கம்பி செய்கிறது. வசதி இல்லாத இடத்தில் ஒரு மனிதன் சட்டியை வைத்துக்கொண்டு செய்கிறான். செய்யும் விதம்தான் வேறு, வேலை ஒன்றே.

குளிர் காய்ந்தார் என்ற கதை மொழியாலும் மகஜராலும் உடைந்தது. உருது ஆசிரியர் வந்து சாட்சி சொன்னார். தீயில் குளிர் காய்வதற்கு அந்த மொழியில் 'ஆக் தாப்னா' என்று தனிச்சொல் உண்டு. நாம் குளிர் காய்கிறோம் என்கிறோமே தவிர உடம்பைச் சூடாக்குகிறோம் என்று சொல்வதில்லை, அதுபோல என்று விளக்கினார். போலீசார் எழுதிய பார்வை மகஜரில் இரும்புச் சட்டி கிடந்த இடம் தெளிவாக இருந்தது. டீசல் டேங்குக்கு நேர் கீழே. எந்த மனிதனும் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு குளிர் காய மாட்டான். அந்த ஒரு வரியை நான் ஆணையர் முன் மூன்று முறை படித்தேன்.

அதன்பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தன் பலமான வாதத்தை எடுத்தார். அவர் நல்ல வக்கீல், எனக்கு நெடுநாள் நண்பர். வேலைக்குத் தேவையில்லாத ஒரு கூடுதல் ஆபத்தைத் தொழிலாளி தானே வலிய ஏற்படுத்திக்கொண்டால் முதலாளி பொறுப்பல்ல என்று ஒரு கொள்கை உண்டு. ஆங்கிலேயர் காலத்துத் தீர்ப்புகளிலிருந்து நமக்கு வந்தது. டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு வைப்பதைவிடக் கூடுதல் ஆபத்து வேறென்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதே கொள்கைக்குள் ஒரு வேறுபாடு இருப்பதை நான் எடுத்துக்காட்டினேன். ஏணி வைத்து ஏற வேண்டிய இடத்தில் பெட்டிமேல் பெட்டி அடுக்கி ஏறி விழுந்தவன் தன் வேலையை ஆபத்தான விதத்தில் செய்தவன். வேலையை விட்டுவிட்டு மாங்காய் பறிக்க மரம் ஏறி விழுந்தவன் வேலையிலேயே இல்லாதவன். சட்டம் இரண்டாமவனைத்தான் கைவிடுகிறது. எங்கள் ஓட்டுநர் பெட்டிகளை அடுக்கியவர், ஏனென்றால் ஏணியை யாரும் கொடுக்கவில்லை.

நின்றுகொண்டிருந்த லாரி, இன்ஜினும் ஓடவில்லை, ஆகவே இது வாகனத்தின் உபயோகத்தில் வந்த விபத்தே அல்ல, பாலிசி பொருந்தாது என்றும் ஒரு சிறு வாதம் வைத்தார்கள். அதற்கு உச்ச நீதிமன்றமே 1991-இல் வழி சொல்லியிருந்தது. 1987-இல் மகாராஷ்டிர நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்து உயிர்கள் போன வழக்கு அது. ஓடாமல் கிடக்கும் வண்டியும் உபயோகத்தில் இருக்கும் வண்டிதான் என்று அங்கே தீர்ந்துபோன விஷயம்.

அடுத்து அவர்கள் கொண்டுவந்தது ஒரு தாள். வாகனத்தின் அருகே தீ மூட்டக்கூடாது என்று பல நிபந்தனைகளுக்கு நடுவே அச்சடித்திருந்த தாள். கீழே ஓட்டுநர், கிளீனர் இருவருடைய கையெழுத்தும் இருந்தன. அதை நிரூபிக்க லாரி ஓனரைக் கூண்டில் ஏற்றினார்கள். அவரும் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர், கடன் வாங்கி வண்டி எடுத்தவர், இறந்தவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர். குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது எனக்கே மனம் சங்கடமாக இருந்தது. தாள் எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்டேன்.

"இங்கிலீஸ்லங்க."

"அவர்களுக்குப் படித்துச் சொன்னீர்களா?"

"இல்லீங்க. நானே படிக்கலீங்க."

சம்பவத்துக்கு முந்தின நாள் ஓட்டுநர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்திருந்தார். நம் பக்கத்து ப்ரீபெய்டு நம்பர்கள் அன்று அங்கே வேலை செய்யவில்லை. என்ன பேசினீர்கள் என்றேன். ஆணையரைப் பார்த்தே பதில் சொன்னார். "பாதை அடைஞ்சுட்டா அஞ்சு மாசம் வண்டி அங்கயே நின்னுருமுங்க. நான் டியூ கட்டோணும். 'எப்படியாவது எறங்கி வந்துரு தம்பி'ன்னு சொன்னனுங்க."

"எப்படியாவது என்றால் எப்படி?"

அவர் பேசவில்லை. அவர்கள் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார், ஆணையர் கையமர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஓனரே சொன்னார்: "காலைல வண்டி ஸ்டார்ட் ஆகறதில்லீங்கண்ணான்னு அவன் சொன்னானுங்க. எனக்குத் தெரியுமுங்க. மணாலிப் பக்கம் ஓடறப்ப நானும் சட்டி வெச்சு எடுத்தவன்தானுங்க."

அதற்குமேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தனக்குப் பாதகமாகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன மனிதனை நான் நீதிமன்றங்களில் அதிகம் பார்த்ததில்லை. ஆணையர் மட்டும் ராணுவ மெக்கானிக்கைத் திரும்ப அழைத்து, தீ வைப்பதைத் தவிர வேறு வழியே கிடையாதா என்று விசாரித்தார். "இருக்குதுங்க ஐயா. ராத்திரி பூரா இன்ஜினை அணைக்காம ஓட விடலாம், டீசல் குடிக்கும். இல்லாட்டி வெயில் ஏர்ற வரைக்கும் காத்திருக்கலாம், முறை போயிரும்." ராத்திரி முழுக்க எரியும் டீசலுக்கு யார் பணம் தருவது? டிரிப் கணக்கில் மைலேஜ் குறைந்தால் ஓட்டுநரைத்தான் கேட்பார்கள். பாதுகாப்பான வழி இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஆகும் செலவு அந்த ஓட்டுநர் தலையில் விழுவதாக இருந்தது.

அந்தக் கையெழுத்துத் தாளைப் பற்றிச் சட்டம் சொல்வது விசித்திரமானது, அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியதால் நேரடியாக விபத்து வந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் தொழிலாளி இறந்துபோனாலோ, நிரந்தரமாக முற்றிலும் முடமானாலோ அந்த விதிவிலக்கு பொருந்தாது. ஆக, ஓட்டுநர் வழக்கில் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. தீயை மூட்டியவர் குடும்பத்துக்கு எதிராகப் பேச முடியாத அந்தத் தாள், பிழைத்துக்கொண்டு தன் கைகளுக்கு இழப்பீடு கேட்டிருந்த பையனுக்கு எதிராக மட்டும் பேசும். ஒரே விடியற்காலை, ஒரே தீ, இரண்டு விதி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் இதை விளக்கியபோது, "அப்ப நானும் செத்திருந்தா கேஸ் சுலபமுங்களா சார்?" என்று கேட்டான். பரிகாசமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஆகவே கிளீனர் வழக்கில் நான் சட்டத்தின் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, வேண்டுமென்றே. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தனக்குத் தெரியாத மொழியில் இருந்த உத்தரவை வேண்டுமென்றே மீறினான் என்று எப்படிச் சொல்வது? மலைமேல் அவனுக்கு உத்தரவு என்பது ஓட்டுநர் வாய்ச்சொல்தான். இரண்டு, நேரடியாக. அவன் கை வெந்தது தீ மூட்டியதால் அல்ல, எரிகிற மனிதனை அணைத்ததால். கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்றுவது எந்த உத்தரவை மீறுவது? இரண்டையும் ஆணையர் ஏற்றுக்கொண்டார். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் இழப்பு என்று டாக்டர் எழுதியதை வைத்துத் தொகை வந்தது. ஒரு கை விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு நூற்றில் நாற்பதுதான் போனது என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

ஓட்டுநர் குடும்பத்துக்கு வந்த தொகை 3,94,120 ரூபாய். கணக்கு எளியது. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. சம்பளமும் பேட்டாவும் சேர்த்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது எவ்வளவாக இருந்தாலும், சட்டம் அன்று 4,000 ரூபாய்க்குமேல் கணக்கில் எடுக்காது. நாங்கள் மனுப்போட்ட சில மாதங்களில், 2010 மே மாதக் கடைசியில், மத்திய அரசு அந்த உச்சவரம்பை 8,000 ஆக உயர்த்தியது. அதன்படி போட்டால் தொகை நேர் இரண்டு மடங்கு. கேட்டுப் பார்த்தேன், கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பொறுப்பு பிறப்பது விபத்து நடந்த நாளில், ஆகவே அன்றைய சட்டம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது.

அதே விதியைத்தான் நான் வட்டிக்கு ஊன்றுகோலாகப் பிடித்திருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போய், ஆணையர் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும் என்றது. அப்படிச் சொல்லும் ஒரு தீர்ப்பு 2007-இல் வந்திருந்ததும் உண்மை. நல்லவேளையாக 2012-இல் உச்ச நீதிமன்றம், 1976-இல் பெரிய அமர்வு ஒன்று விபத்து நாளை அடிப்படையாக வைத்ததே செல்லும் என்று தெளிவாக்கியது. 12 சதவீத வட்டி, வருடத்துக்கு 47,000 ரூபாய்க்குச் சற்று அதிகம், அப்படித்தான் காப்பாற்றப்பட்டது. விபத்து நாள்தான் கணக்கு என்ற ஒரே விதி வட்டியைத் தந்தது, அந்த இரண்டாவது 3,94,120-ஐ எடுத்துக்கொண்டது. சட்டத்தின் சீர்மை என்று மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தரலாம். அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் புதிதாகச் சேர்த்திருந்த வழக்கு, மேல்முறையீடும் சேர்ந்து 2015-இல்தான் முடிந்தது.

இதில் என் மனத்தில் இன்னும் உறுத்துவது அபராதம். உரிய காலத்தில் இழப்பீட்டைக் கட்டாத முதலாளிக்கு, இழப்பீட்டில் பாதிவரை அபராதம் போடலாம். இன்சூரன்ஸ் வட்டியைத்தான் ஏற்கும், அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் வர வேண்டும். 1,97,060 ரூபாய்வரை கேட்டிருக்கலாம். அதைக் கேட்பது என் கடமை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "வேண்டாமுங்க சார். அந்த அண்ணன் நெசத்தச் சொன்னாரு. அவர்கிட்ட வாங்கினா எனக்கு ஒட்டாது" என்றார். அதற்குள் ஓனர் லாரியை விற்றுவிட்டு இன்னொருவரிடம் மறுபடி ஓட்டுநராகச் சேர்ந்திருந்தார். நான் வற்புறுத்தவில்லை. பணத்தில் பிள்ளைகள் பங்கை வயது வரும்வரை வங்கியில் போட்டு வைத்தார்கள், அந்தப் பங்கு இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். தாயின் மனசாட்சிக்கு நான் கொடுத்த மரியாதையில் பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுத்தேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.

2019 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. லடாக்குக்கென்று சுழியத்துக்குக் கீழே 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்திருக்கிறது, பானிப்பட் சுத்திகரிப்பாலையில் தயாராகிறது என்று. அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பழைய கட்டில் வைக்கப் போனபோது கிளீனரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பைபாஸ் ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். செய்தியைப் படித்துக் காட்டினேன். டம்ளரை மணிக்கட்டோடு அணைத்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்பவும் ஒரு வழி இருந்துச்சுங்க சார். முந்தின நாள் சாயங்காலம் அங்கத்த டிரைவர் ஒருத்தர் வந்து, டேங்க்ல மண்ணெண்ணெய் கலந்துக்கோ, உறையாதுன்னாரு. அவங்க எல்லாம் அப்பிடித்தான் ஓட்றாங்களாம். அண்ணன் மாட்டேன்னுட்டாருங்க. பம்ப்பு தேஞ்சு போயிரும், ஓனருக்கு அம்பதாயிரம் செலவு வெச்சிரும்னாரு."

முதலாளியின் பம்ப்பைக் காப்பாற்றத்தான் அந்த மனிதன் சட்டியைக் கையில் எடுத்திருக்கிறார். எங்கள் வழக்கு முழுவதும் தேடியது அந்த ஒரு விஷயத்தைத்தான்: அவர் யாருக்காக அந்தத் தீயை மூட்டினார் என்பது. கூண்டில் அந்தப் பையனிடம் அன்று நான் தீயைப் பற்றி, சட்டியைப் பற்றி, கம்பளியைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டிருந்தேன். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே சார்."

அவன் கடையிலேயே ஒரு தாள் வாங்கி, தேதி போட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். உருதுத் தாளுக்குப் பின்னால் அது இப்போது இரண்டாவது தாளாக இருக்கிறது.